பள்ளியில் லைசென்ஸை ஸ்கேன் செய்யாமல் உள்ளே விட மாட்டார்களா? பெற்றோருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வி இதுதான். டெக்சாஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் உங்கள் மகள் படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடலாம் என்று போயிருக்கிறீர்கள். ஃப்ரன்ட் ஆபீஸில் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார்கள். "கையில் காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் மட்டும் வேண்டாம்" என்றதற்கு, அப்படியென்றால் உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பெற்ற தாய்க்கே இப்படியா, சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு லைசென்ஸே கிடையாது, பேத்தியைக் கூட்டிவர அவர் போனால் என்ன ஆகும் என்பது இரண்டாவது கேள்வி.

ஸ்கேன் விஷயத்தில் சட்டம் பள்ளியின் பக்கம்தான் இருக்கிறது. அதில் மல்லுக்கு நிற்பதால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. ஆனால் பள்ளிக் கட்டடத்துக்குள் நடந்து போகும் உரிமை வேறு, பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ளும் உரிமை வேறு. முதலாவதற்கு நிபந்தனை போடப் பள்ளிக்கு நிறைய அதிகாரம் உண்டு. இரண்டாவதில் கை வைக்க அவர்களுக்கு அநேகமாக அதிகாரமே கிடையாது. நம் பெற்றோர்கள் பலர் முதலாவதில் அடிபட்டுக் கோபப்பட்டு, இரண்டாவதைக் கேட்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம்.

டெக்சாஸ் கல்விச் சட்டத்தில் 38.022 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2007ல் வந்தது. பள்ளிக்கு வருகிறவர் ஓட்டுநர் உரிமத்தையோ, அரசு கொடுத்த வேறொரு புகைப்பட அடையாள அட்டையையோ காட்ட வேண்டும் என்று பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, விதி வைக்கலாம். வருகிறவர்களின் விவரத்தை மின்னணுப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இவ்வளவும் பள்ளிக்குக் கொடுத்த அதிகாரம். அதே பிரிவு பள்ளியின் கையையும் கட்டுகிறது: திரட்டிய விவரத்தைப் பள்ளியின் பாதுகாப்புக்கு மட்டுமே பயன்படுத்தலாம், யாருக்கும் விற்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் மூன்றாமவருக்குக் கொடுக்கக் கூடாது. உங்களுக்கு ஸ்கேன் பற்றிப் பயம் இருந்தால், நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி இதுதான். "என் விவரத்தை எங்கே வைக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைக்கிறீர்கள், எந்த நிறுவனத்தின் மென்பொருள், யார் யார் பார்க்க முடியும்" என்று பள்ளி மாவட்டத்துக்கு எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. ஃப்ரன்ட் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் கேட்டுப் பயன் இல்லை, அவருக்கு இது தெரிந்திருக்காது.

நீங்கள் சொன்ன அதே நிலைமையில் ஏற்கெனவே ஒரு தாய் நீதிமன்றம் வரை போயிருக்கிறார். ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கும் லேக் டிராவிஸ் பள்ளி மாவட்டம். அங்கும் லைசென்ஸைக் காட்டச் சம்மதித்தார், ஸ்கேன் செய்ய விடவில்லை. பிள்ளைகள் இருக்கும் பகுதிக்குள் விட மறுத்தார்கள். பெற்றோரின் அடிப்படை உரிமை பறிக்கப்பட்டது என்று வழக்குப் போட்டார்கள். 2010ல் 'ஃபிஃப்த் சர்க்யூட்' என்று சொல்லும், டெக்சாஸை உள்ளடக்கிய கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி மாவட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வருகிறவர் பாலியல் குற்றவாளியாகப் பதிவானவரா என்று பார்ப்பதில் பள்ளிக்கு மிக வலுவான நியாயம் இருக்கிறது, அதற்கு எடுக்கும் விவரமும் மிகக் குறைவு என்பது தீர்ப்பின் சாரம். பள்ளியின் எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போய்வரும் உரிமை பெற்றோருக்கு இருப்பதாக நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பு மற்ற வழக்குகளைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தும் வகையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் டெக்சாஸில் இதே வாதத்தோடு போகும் எவருக்கும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923லும் 1925லும் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பும் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பெற்றோருடையது என்று சொன்னதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். முதல் வழக்கு நெப்ராஸ்காவில் ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்த ஆசிரியருக்குத் தண்டனை கொடுத்தது பற்றியது. இரண்டாவது, எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்ற ஆரிகன் மாநிலச் சட்டம் பற்றியது. எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். அனுப்பிய பிறகு அந்தப் பள்ளியின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், யாரை எப்படிச் சோதித்து உள்ளே விடும் என்பது பள்ளியின் நிர்வாகம். கீழ் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப இப்படித்தான் கோடு போட்டிருக்கின்றன.

ஸ்கேனில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பெயர், பிறந்த தேதி, புகைப்படம் ஆகியவற்றைக் கருவி எடுத்துக்கொள்கிறது. மாநிலங்களின் பாலியல் குற்றவாளிப் பதிவேடுகளில் அந்தப் பெயரும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. அதோடு, பள்ளியே சேர்த்து வைத்திருக்கும் தனிப்பட்டியல் ஒன்றும் இருக்கும். நீதிமன்ற உத்தரவுப்படி பிள்ளையை நெருங்கக் கூடாதவர், வளாகத்துக்குள் வரத் தடை செய்யப்பட்டவர் போன்றோர் அதில் இருப்பார்கள். ஒன்றும் பொருந்தவில்லை என்றால் படம், பெயர், போகும் இடம், தேதி போட்டு ஒரு ஸ்டிக்கர் பேட்ஜ் வரும். உங்கள் விசா என்ன, எப்போது காலாவதி, கடன் எவ்வளவு, போலீஸ் கேஸ் இருக்கிறதா என்பதெல்லாம் இந்தச் சோதனையில் வராது. பெயர் தற்செயலாகப் பொருந்திவிட்டாலும், அலுவலர் திரையில் வரும் படத்தையும் உங்கள் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த நடவடிக்கை. போகும்போது பேட்ஜைத் திருப்பிக் கொடுத்து வெளியேறியதைப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். தீ அலாரம் அடித்தால் கட்டடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பட்டியலை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நம்மவர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு. அது பெயர். தகப்பன் பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகியவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகி, லைசென்ஸிலும் அதுவே ஏறிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறியீடு அது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலோ வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதியிருப்போம். அப்போது ஸ்கேனில் வரும் பெயரும் பிள்ளையின் பதிவில் இருக்கும் அம்மா பெயரும் ஒட்டாது. ஃப்ரன்ட் ஆபீஸில் சந்தேகமாகப் பார்த்தால் பல நேரம் காரணம் இதுதான், நிறமோ நாடோ அல்ல. லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே பள்ளிப் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

சரி, பள்ளி எதையெல்லாம் மறுக்க முடியாது?

டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 26ஆம் அத்தியாயம் முழுக்கப் பெற்றோர் உரிமைகள்தான். வருகைப் பதிவு, மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பு, கவுன்சலர் எழுதியது, உடல்நலப் பதிவு, டீச்சரின் மதிப்பீடு என்று பிள்ளையைப் பற்றி எழுத்தில் இருப்பது எல்லாவற்றையும் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளியில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்ற முழுத் தகவலும் பெற்றோருக்குச் சேர வேண்டும் என்று அந்த அத்தியாயம் சொல்கிறது. "அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒரு பள்ளி ஊழியர் பிள்ளையைத் தூண்டினால் அவர் மீதே நடவடிக்கை எடுக்கலாம். இதற்கு மேல் 1974ல் வந்த கூட்டரசுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 'ஃபெர்பா' என்பார்கள். பதிவுகளைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்டியே தீர வேண்டும். இதற்கெல்லாம் நீங்கள் கட்டடத்துக்குள் கால் வைக்கத் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் போதும்.

வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு வழி. நினைத்த நேரத்தில் போக முடியாது. டெக்சாஸ் பள்ளி மாவட்டங்களின் கொள்கைத் தொகுப்பில் 'ஜி.கே.சி.' என்ற குறியீட்டில் பார்வையாளர் விதிகள் இருக்கும், மாவட்டத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். எத்தனை நேரம் பார்க்கலாம், யாரிடம் முன்னனுமதி வாங்க வேண்டும், மதிய உணவுக்கு எந்த நாளில் வரலாம் என்பதெல்லாம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். முதலில் அதைப் படியுங்கள். பிரின்சிபல் அந்த எழுத்துக்கு மேல் புதிதாக ஒரு கட்டுப்பாட்டை வாய்மொழியாகப் போட்டால், எந்தக் கொள்கையின்படி என்று எழுத்தில் கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் 'எஃப்.என்.ஜி.' என்ற பெற்றோர் புகார் நடைமுறை இருக்கிறது.

கோபத்தில் குரலை உயர்த்திவிட்டால் ஒரு சங்கடம் வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 37.105 என்ற பிரிவின்படி, ஆபத்து விளைவிப்பவர் என்று கருதினாலும், பள்ளிச் சூழலுக்குப் பொருந்தாமல் நடந்து, வாய்மொழி எச்சரிக்கைக்குப் பிறகும் தொடர்ந்தாலும், ஒருவரை வளாகத்துக்குள் விடாமல் தடுக்கலாம், வெளியேற்றலாம். அடையாள அட்டை கேட்கவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் தடை இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையின் திட்டக் கூட்டம் போன்றவற்றில் தடை செய்யப்பட்ட பெற்றோரும் கலந்துகொள்ளப் பள்ளி ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். ஆளைத் தடுக்கும் சட்டமே பிள்ளை மீதான உரிமையைத் தொடாமல் ஒதுங்கி நிற்கிறது, பாருங்கள்.

பிரிந்து வாழும் பெற்றோர் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பிள்ளை தன்னோடு இல்லாத தகப்பனுக்கு மார்க் ஷீட்கூடத் தர மாட்டேன் என்று சில பள்ளிகள் சொல்வதுண்டு. அது தவறு. உரிமையை ரத்து செய்யும் நீதிமன்ற உத்தரவு இல்லாதவரை, ஃபெர்பாவில் இரண்டு பேருக்கும் ஒரே உரிமைதான். டெக்சாஸ் குடும்பச் சட்டத்தின் 153.073 பிரிவும், உத்தரவு கட்டுப்படுத்தாதவரை, பள்ளி அலுவலர்களோடு பேசவும், பதிவுகளைப் பார்க்கவும், மதிய உணவு, கலை நிகழ்ச்சி போன்றவற்றுக்குப் போகவும் அவருக்கு உரிமை இருப்பதாகச் சொல்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. அடித்துத் துன்புறுத்தியவரிடமிருந்து தப்பி வந்த பெண் ஒருவர், "அவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்" என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. உத்தரவு இல்லாமல் ஒரு தகப்பனைத் தடுக்கப் பள்ளிக்கு அதிகாரம் இல்லை. பாதுகாப்பு உத்தரவின் சான்றளித்த நகலை ஆபீஸில் கொடுத்துப் பதிவில் ஏற்றச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த ஆள் லைசென்ஸை நீட்டும்போது திரையில் எச்சரிக்கை வரும். இந்த ஸ்கேன் முறைக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய மிக வலுவான காரணம் இதுதான். முகம் தெரியாத வெளியாளை விட, தெரிந்த ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடும் ஆபத்தை இது தடுக்கிறது.

இப்போது, இந்த ஏற்பாடு எதைத் தடுக்காது என்பதையும் பேச வேண்டும். துப்பாக்கியோடு வருகிறவன் லைசென்ஸைக் கொடுத்து பேட்ஜ் வாங்கிக்கொண்டு வரப் போவதில்லை. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்து சாண்டி ஹூக் பள்ளியில் கதவு பூட்டித்தான் இருந்தது. பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்துக்கொண்டு நுழைந்தான். 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். 2022 மே 24 அன்று, நம் டெக்சாஸில், யுவால்டே நகரத்து ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கொலையாளி பூட்டப்படாத ஒரு பக்கக் கதவு வழியாக உள்ளே போனான். அதை ஆராய்ந்த மாநிலச் சட்டமன்றக் குழுவின் அறிக்கை அந்த ஆண்டு ஜூலையில் வந்தது. படிக்கப் படிக்க நெஞ்சு பதறும். சுடப்பட்ட வகுப்பறைகளில் ஒன்றின் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் பலருக்கும் முன்பே தெரியும். கதவுகளுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கும் வழக்கம் இருந்தது. எச்சரிக்கை அனுப்பும் செயலி இருந்தது, ஆனால் வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை. எல்லையோரக் கார்த் துரத்தல்களுக்காக அடிக்கடி எச்சரிக்கை வந்து வந்து, அது ஊழியர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதன் பிறகு 376 அதிகாரிகள் திரண்டும் அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் பெற்றோர்களை வெளியே தள்ளி நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே போங்கள், போங்கள் என்று அவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஸ்கேன் கருவியோடு சண்டை போடும் சக்தியைக் கதவுகள் பக்கம் திருப்புங்கள். யுவால்டேக்குப் பிறகு டெக்சாஸில் வாரம் ஒரு முறையாவது வெளிக்கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு பள்ளியும் சுற்றிப் பார்த்தாக வேண்டும் என்று விதி வந்தது. சான் மார்கஸில் இருக்கும் டெக்சாஸ் பள்ளிப் பாதுகாப்பு மையம் 2022ல் முன்னறிவிப்பில்லாமல் ஆள் அனுப்பிக் கதவுகளைச் சோதிக்கத் தொடங்கியது. 2023ல் வந்த சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றது. காவலரைப் போட்டாச்சா, கதவுச் சோதனை ஒழுங்காக நடக்கிறதா, வகுப்பறைப் பூட்டுகள் வேலை செய்கின்றனவா என்று கேட்க நீங்கள் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் பாதுகாப்புக் குழு ஒன்று வைத்திருக்க வேண்டும், அதில் பெற்றோர் இருவர் இருக்க வேண்டும் என்பது 2019லிருந்து சட்டம். அந்த இடங்களில் நம் ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு இரண்டு மாதம் ஓடி ஓடி உழைக்கிற பெற்றோர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இங்கேயும் வர வேண்டும்.

ஆபத்து என்று பள்ளியை உள்ளிருந்து பூட்டிவிட்டார்கள் என்ற லாக்டவுன் செய்தி வந்தால் என்ன செய்வது என்பதையும் இதோடு தெரிந்துகொள்ளுங்கள். கால் தன்னால் பள்ளியை நோக்கி ஓடும். ஆனால் நீங்கள் போனாலும் கதவைத் திறக்க மாட்டார்கள், காரை வழியில் விட்டால் ஆம்புலன்ஸ் போக முடியாது. பல மாவட்டங்களில் பிள்ளைகளை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே வைத்து ஒப்படைக்கும் முறை இருக்கிறது. இடம் எது என்று குறுஞ்செய்தியில் சொல்வார்கள். அங்கே போய் அடையாள அட்டையைக் காட்டி ஒரு சீட்டை நிரப்ப வேண்டும். பதிவில் உங்கள் பெயர் இருந்தால் பிள்ளையை அழைத்து வந்து கையில் கொடுப்பார்கள். பள்ளிப் பதிவில் பழைய போன் நம்பர் இருந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு வரவே வராது. வாட்ஸ்அப் குழுவில் வரும் வதந்தியை மட்டும் நம்பி அலைய வேண்டியிருக்கும். நம்பர் மாறினால் முதலில் பள்ளிக்குச் சொல்லுங்கள், அப்புறம் மற்றவர்களுக்கு.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் இல்லாதது தடையே அல்ல. சட்டத்தில் இருப்பது அரசு கொடுத்த புகைப்பட அட்டை என்பதுதான். இந்தியப் பாஸ்போர்ட் அதில் அடங்கும். ஸ்கேனர் படிக்காவிட்டால் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டச்சு செய்து பார்க்கும் வசதி இந்த மென்பொருள்களில் உண்டு. அவருக்கு உண்மையான தடை பிக்-அப் லிஸ்ட்தான். பேத்தி "பாட்டி" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாலும், பட்டியலில் பெயர் இல்லை என்றால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. பள்ளியின் பெற்றோர் இணையதளத்தில் உள்நுழைந்து, பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவர்கள் என்ற பகுதியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இணையத்தில் அந்த வசதி இல்லை என்றால் ஆபீஸில் படிவம் தருவார்கள். அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். முதல் நாள் நீங்களும் கூடவே போய் அவரை அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள், அவருக்கு ஆங்கிலத்தில் பேசக் கூச்சம் இருந்தால் அது பெரிய உதவி. பாஸ்போர்ட்டைத் தினமும் எடுத்துக்கொண்டு போவது பயமாக இருந்தால், டெக்சாஸ் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சுற்றுலா விசாவில் சில மாதம் தங்குகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளையை அழைத்துப்போக வரும் கார் வரிசையில் காட்டும் 'கார் லைன்' அட்டையின் இன்னொரு பிரதியை ஆபீஸில் கேட்டு வாங்கி அவரிடம் கொடுங்கள். அதோடு பாஸ்போர்ட்டின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டால் போதுமா, அசலே வேண்டுமா என்று உங்கள் பள்ளியிலேயே கேட்டு, அதையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள்.